கடையில் வாங்கிய ஆரஞ்சின் விதையை நட்டால் என்ன மரம் வரும்?

மார்கழி, தை மாதங்களில் பழக்கடைகளில் மலைபோல் குவித்து வைத்திருக்கும் கின்னோ ஆரஞ்சை எல்லோரும் பார்த்திருப்போம். தோல் பளபளவென்று இருக்கும். சாறு நிறைய, விதையும் நிறைய. ஒரு பழத்தில் பதினைந்து, இருபது விதைகூடத் தேறும். அதில் நன்றாகத் திரண்ட விதை ஒன்றை எடுத்து, வழவழப்புப் போகக் கழுவி, நகத்தால் கிள்ளி வெளித்தோலை உரித்துப் பாருங்கள். உள்ளே காகிதம்போல மெல்லிய பழுப்புத் தோல் ஒன்று இருக்கும். அதையும் எடுத்துவிட்டால், மொச்சைக்கொட்டை மாதிரி சரிபாதியாக இரண்டு பருப்பாகப் பிளக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். அப்படிப் பிளக்காது. பெரிதாக ஒரு துண்டு, அதன் இடுக்கில் சின்னதாக இன்னொன்று, கூரான நுனிப்பக்கம் கடுகளவில் மேலும் ஒன்றிரண்டு என்று, நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பல துண்டுகள் உதிரும். அவை உடைந்த பருப்பு அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனிக் கரு. ஒவ்வொன்றும் ஒரு செடியாகக்கூடியது.

இதை நான் தெரிந்துகொண்டது அக்கா மகளால். நான்கு வருடத்துக்கு முன்னால், அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, தின்ற பழத்தின் விதை ஒன்றைத் தயிர் டப்பாவில் மண் போட்டு ஊன்றி வைத்தாள். மூன்று வாரம் கழித்து வந்து, "மாமா, நான் ஒரு விதைதான் போட்டேன், மூணு செடி வந்திருக்கு" என்றாள். விளையாட்டாக மூன்று விதை போட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஒரே விதைத்தோலுக்குள்ளிருந்துதான் மூன்று தண்டும் கிளம்பியிருந்தன. அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தும் தோட்டக்காரர்களிடம் கேட்டும் வருகிறேன்.

கடைப் பழத்தின் விதையை நடுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: "விதை போட்டா தாய் மாதிரி வராது. ஒட்டுக்கன்னு வாங்கி வைங்க." மாமரத்தைப் பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது. நல்ல பங்கனபள்ளி மாங்கொட்டையைப் புதைத்து வளர்த்தால் பத்து வருடம் கழித்து நார் நாராக ஏதோ ஒரு பழம் வரும். அந்த அனுபவம்தான் எல்லா மரத்துக்கும் பொது விதியாகிவிட்டது. மாமரத்துக்கு அது பெரும்பாலும் உண்மை. எலுமிச்சைக் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் பொய். கடையில் வாங்கும் கமலா ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை ஆகியவற்றின் விதையிலிருந்து வரும் செடிகளில் பெரும்பாலானவை தாய் மரத்தின் அச்சு அசல். அந்தச் செடியில் வேறு இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இல்லாத குறையைச் சொல்லித்தான் ஆசையோடு விதை ஊன்றியவர்களை நாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

விதைக்குள் நடப்பது என்ன?

சாதாரணமாக ஒரு பூவில் மகரந்தம் வந்து சேர்ந்து, சூலுக்குள் இருக்கும் முட்டையோடு கலந்து, ஒரு கரு உண்டாகும். அதில் பாதி தாயின் மரபு, பாதி தகப்பனின் மரபு. எலுமிச்சைக் குடும்பத்திலும் இந்தக் கரு உண்டாகிறது. ஆனால் அதோடு நிற்பதில்லை. முட்டையைச் சுற்றிப் பொதிந்திருக்கும் சூல்திசு என்பது முழுக்க முழுக்கத் தாயின் உடம்பு. அந்தத் திசுவின் சில செல்கள் யாரும் கேட்காமலேயே கருவாக மாறி, கருப்பைக்குள் நுழைந்து வளர ஆரம்பிக்கின்றன. கலப்பில் பிறந்த கரு ஒன்று, தாயிடமிருந்து நேரடியாக முளைத்த கரு இரண்டு, மூன்று, சில சமயம் பத்துக்கும் மேல், எல்லாம் ஒரே விதைக்குள். இருக்கிற உணவுக்கும் இடத்துக்கும் போட்டி. அந்தப் போட்டியில் கலப்புக் கரு பெரும்பாலும் நசுங்கிப்போகிறது, இல்லையென்றால் நோஞ்சானாக முளைக்கிறது. ஜெயித்து வருவது தாயின் நகல்.

இதைப் பல்கரு நிலை என்று பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியலில் படித்தது சிலருக்கு நினைவிருக்கும். ஆரஞ்சு விதையில் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருப்பதை 1719-லேயே கவனித்து எழுதியவர், நுண்ணோக்கியால் பெயர் பெற்ற ஆன்டன் வான் லேவன்ஹுக். அந்தக் கருக்கள் சூல்திசுவிலிருந்து வருகின்றன என்பதை 1878-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் காட்டினார். எந்த மரபணுவால் இது நடக்கிறது என்பது மிக அண்மையில்தான் பிடிபட்டது. சீனாவின் வூஹானில் உள்ள ஹுவாஜோங் வேளாண் பல்கலைக்கழகக் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பல கரு உண்டாகும் வகைகளில் குறிப்பிட்ட ஒரு மரபணுவுக்கு முன்னால் சின்னதாக ஒரு டி.என்.ஏ. துணுக்கு செருகப்பட்டிருப்பதைக் கண்டது. ஒற்றைக் கரு வகைகளில் அந்தச் செருகல் இல்லை.

யாரும் ஒட்டுக் கட்டாமலேயே, பூவும் தேனீயும் இருக்கும்போதே, ஒரு மரம் தன்னைத் தானே படியெடுத்துக்கொள்ளும் வழி இது. மகரந்தம் இருந்தும், தகப்பன் இல்லாத பிள்ளை. ஆனால் மகரந்தம் சுத்தமாகத் தேவையில்லை என்றும் சொல்ல முடியாது. கருக்களுக்கு ஊட்டம் கொடுக்கும் திசு விதைக்குள் வளர வேண்டுமானால் பொதுவாகக் கருவுறுதல் நடந்தாக வேண்டும்.

எந்தப் பழம், எந்த விதை

எல்லாப் பழத்துக்கும் இது பொருந்தாது. சிக்கலே இங்கேதான், கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும்.

இன்று நாம் தின்னும் வகைகள் பெரும்பாலும் சில ஆதி இனங்களின் கலப்பில் வந்தவை. அவற்றில் முக்கியமானவை மூன்று: கமலா வகையைச் சேர்ந்த மாண்டரின், பம்பளிமாஸ், சிட்ரான் என்ற தடித்தோல் பழம். இவை பிறந்து பரவிய இடம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம், அதாவது அசாம், வடக்கு மியான்மர், மேற்கு யுன்னான் வட்டாரம் என்று 2018-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று சொல்கிறது. மேகாலயாவின் காரோ மலையில், நோக்ரெக் காட்டில், 'மெமாங் நாரங்' என்று காரோ மக்கள் அழைக்கும் காட்டு ஆரஞ்சு இன்றும் இருக்கிறது. அந்த 'நாரங்' நமக்கு அந்நியமான சொல் இல்லை. சமஸ்கிருத நாரங்கம், பாரசீக நாரங், அரபு நாரஞ்ச், ஸ்பானிய நரஞ்ஹா, ஆங்கில ஆரஞ்சு என்று ஊர் சுற்றிய அந்தச் சொல்லின் வேர் திராவிட மொழியில், நம் நார்த்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. வீட்டிலிருந்து நார்த்தையாகக் கிளம்பியது ஆரஞ்சாகத் திரும்பி வந்திருக்கிறது.

பம்பளிமாஸும் சிட்ரானும் ஒற்றைக் கருக்காரர்கள். பம்பளிமாஸ் விதையை உரித்தால் இரண்டு பருப்பு அழகாகப் பிரியும். அதிலிருந்து வரும் செடி இரண்டு பெற்றோரின் பிள்ளை. பழம் சிவப்பாக இருக்குமா, வெள்ளையாக இருக்குமா, கசக்குமா என்று காய்த்த பிறகுதான் தெரியும். ஆகவே நல்ல பம்பளிமாஸ் மரம் கிடைத்தால் பதியமோ ஒட்டோதான் வழி. வெளிநாட்டிலிருந்து வரும் குட்டி ஆரஞ்சுகளில் கிளமன்டைன் என்ற வகையும் இப்படித்தான். பெரிய கடைகளில் விற்கும் மஞ்சள் லெமன் இரண்டுங்கெட்டான்: சில விதையில் நகல் வரும், சிலதில் கலப்பு வரும்.

மறுபக்கம் சாத்துக்குடி, வெளிநாட்டு வலென்சியா ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட், நாக்பூர் கமலா, கின்னோ எல்லாம் பல கரு வகை. கின்னோவின் கதை எனக்குப் பிடித்தமானது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு ஆராய்ச்சி நிலையத்தில் எச்.பி. ஃப்ராஸ்ட் என்பவர் 1915-இல் கிங், வில்லோலீஃப் என்ற இரண்டு மாண்டரின் வகைகளைக் கலந்து உருவாக்கி, 1935-இல் வெளியிட்ட பழம் இது. கிங், வில்லோ இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் கின்னோ. பிறந்த ஊரில் பெரிதாக எடுபடாமல், பஞ்சாபின் இரண்டு பக்கத்திலும் வேரூன்றி, இன்று தமிழ்நாட்டுத் தள்ளுவண்டி வரை வந்து நிற்கிறது. அதன் விதை வலுவான பல கரு விதை. அக்கா மகளின் தயிர் டப்பாவில் மூன்று தலை எட்டிப் பார்த்ததற்கு அதுதான் காரணம்.

நேவல் ஆரஞ்சை இந்தப் பேச்சில் சேர்க்கவே முடியாது. அடியில் தொப்புள் மாதிரி குழி விழுந்திருக்கும் அந்தப் பழத்தில் விதையே இருக்காது. பிரேசிலின் பாகியாவிலிருந்து 1870-இல் வாஷிங்டனுக்கு வந்து, 1873-இல் ரிவர்சைடில் எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணி நட்ட இரண்டு மரங்களிலிருந்துதான் கலிஃபோர்னியாவின் நேவல் தோப்புகள் எல்லாம் ஒட்டு ஒட்டாகப் பெருகின.

புளியங்குடியும் கடையமும்

'விதையில் வந்த மரம் தேறாது' என்பவர்களை நான் தென்காசி மாவட்டத்துக்குத்தான் அழைத்துப்போவேன். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி அங்கேதான் இருக்கிறது. கடையமும் அதே மாவட்டம். கடையம் பக்கத்து எலுமிச்சையிலிருந்து தேர்வு செய்துதான் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம். 1 ரகத்தைக் கொடுத்தது. தமிழ்நாட்டில் எலுமிச்சைத் தோப்பு வைக்கிறவர்கள் வழக்கமாக நடுவதே விதைக்கன்றைத்தான். வேளாண் பல்கலைக்கழகமும் நோயில்லாத விதைக்கன்றைத்தான் நடச் சொல்கிறது. நல்ல காய்ப்பு மரத்தில் பழுத்து விழுந்த பழத்திலிருந்து விதை எடுத்து, பாத்தியில் நாற்று விட்டு, கன்று முழங்கால் உயரம் வந்ததும் குழியில் வைப்பார்கள். மூன்று, நான்கு வருடத்தில் காய்ப்புக்கு வந்துவிடும்.

அந்தப் பக்கம் ஒரு தோப்பில் நாற்றுப் பாத்தி பார்த்தேன். வயதான தோட்டக்காரர் ஒருவர் குந்தி உட்கார்ந்து கன்றுகளைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். நல்ல பச்சையாகத்தானே இருக்கிறது, ஏன் பிடுங்குகிறீர்கள் என்று கேட்டேன். "இது சேராத கன்னு தம்பி. இலையப் பாரு, மத்ததெல்லாம் ஒரு சாடை, இது வேற சாடை" என்று இரண்டு கன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்றின் இலைக்காம்பில், இருபுறமும் குட்டி இலைபோல விரியும் சிறகு கொஞ்சம் அகலம், கணுவுக்குக் கணு இடைவெளி கூடுதல். பாத்தியில் தொண்ணூறு கன்று ஒரே அச்சாக நிற்க, பத்துக் கன்று குட்டையாகவோ, நெட்டையாகவோ, இலை மாறியோ நிற்கும். அந்தப் பத்துதான் கலப்பில் பிறந்தவை. அதைக் கழித்துவிட்டால் மிச்சமெல்லாம் தாய். சூல்திசு என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் ஆய்வுக்கூடத்தில் மரபணு பார்த்துச் செய்கிற வேலையை அவர் கண்ணாலேயே செய்கிறார். உலகம் முழுக்க, ஒட்டுக்கு வேராக நிற்கும் அடிக்கன்றை வளர்க்கும் நாற்றங்கால்களும் இதைத்தான் நம்பியிருக்கின்றன: ஒரே சீராக முளைக்கும் நகல் கன்றுகள், மாறி நிற்பதைப் பிடுங்கி எறிதல்.

சரி, அப்படியென்றால் எதற்கு ஒட்டு?

முதல் காரணம் காலம். மரபு தாயுடையதுதான், ஆனால் வயது பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. இருபது வருட மரத்தின் ஒரு கண்ணை, அதாவது துளிர்க்கும் மொட்டை, எடுத்து ஒட்டினால் அந்தக் கண்ணுக்குத் தான் வளர்ந்த மரம் என்பது தெரியும். இரண்டு, மூன்று வருடத்தில் பூத்துவிடும். அதே மரத்தின் விதையிலிருந்து வந்த நகல் கன்றோ குழந்தைப் பருவத்தை முழுசாகக் கடந்தாக வேண்டும். அந்தப் பருவம் எலுமிச்சைக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடம், கமலாவுக்கு ஐந்திலிருந்து எட்டு, சாத்துக்குடிக்கும் கிரேப்ஃப்ரூட்டுக்கும் ஏழு, பத்து என்று நீளும். தொட்டியில் அடைத்து வைத்தால் இன்னும் தள்ளிப்போகும்.

இந்தக் குழந்தைப் பருவத்தின் அடையாளம் முள். கணுவுக்குக் கணு ஊசியாய் முள் நிற்கும், கிளைகள் நேர் மேலே குச்சி குச்சியாய்ப் போகும். உயரம் போகப் போக, உச்சிக் கிளைகளில் முள் சிறுத்துக்கொண்டே வரும். பூவும் முதலில் அந்த உச்சியில்தான் வரும். வேரிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கைக் கணுக்களைத் தாண்டிய பிறகே தண்டு பூக்கும் நிலைக்கு வருகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அதனால்தான் விதைக்கன்றின் தலையைக் கிள்ளக் கூடாது. புதராக வரட்டும், அழகாக இருக்கட்டும் என்று உச்சியை வெட்டினால், ஏறி வந்த கணுவையெல்லாம் வெட்டிப் போட்டு மறுபடி கீழிருந்து தொடங்குகிறோம். மாடித் தோட்டத்தில் பத்து வருடமாகியும் பூக்காத செடி என்று காட்டுவார்களே, அவற்றில் பலதை வருடா வருடம் தலையில் கத்தரித்திருப்பார்கள்.

இரண்டாவது காரணம் வேர். இதை ஏனோ பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. ஒட்டு என்றால் சீக்கிரம் காய்க்கும் என்பதற்காக மட்டும் என்று நினைக்கிறோம். உலகம் ஒட்டுக்கு மாறியது நோய்க்குப் பயந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகளில் இனிப்பு ஆரஞ்சு மரங்கள் அடித்தண்டில் பிசின் வடிந்து அழுக ஆரம்பித்தன. ஃபைட்டாஃப்தோரா என்ற, ஈரத்தில் வாழும் கிருமி அது. அங்கிருந்து மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் பரவியது. இனிப்பு ஆரஞ்சின் சொந்த வேருக்கு அதைத் தாங்கும் சக்தி குறைவு. புளிப்பு ஆரஞ்சின் வேர் தாங்கியது. எனவே புளிப்பு ஆரஞ்சின் அடியில் இனிப்பு ஆரஞ்சைக் கட்டினார்கள், தோப்புகள் பிழைத்தன. பிறகு 1930-களில் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் அதே புளிப்பு ஆரஞ்சு அடியில் நின்ற மரங்கள் லட்சக்கணக்கில் வாடிச் செத்தன. அசுவிணி பரப்பும் வைரஸ் ஒன்று ஒட்டுக் கட்டிய இடத்தில் உணவுப் பாதையை அடைத்துவிட்டது. போர்த்துகீசிய மொழியில் அதற்கு டிரிஸ்டெசா என்று பெயர் வைத்தார்கள். துக்கம் என்று பொருள். அப்போது பிரேசிலைக் கைதூக்கிவிட்ட அடிக்கன்று ரங்பூர் லைம். பெயரிலேயே வங்கத்து ஊர் இருக்கிறது. நம் நாட்டிலும் சாத்துக்குடி, நாக்பூர் கமலா தோப்புகள் ரங்பூர் லைம் அல்லது ரஃப் லெமன் வேரில்தான் பெரும்பாலும் நிற்கின்றன.

ஆக, சாத்துக்குடி விதையை நட்டால் சாத்துக்குடியே வரும். ஆனால் அதன் காலில் பலமில்லை. களிமண்ணில், தண்ணீர் தேங்கும் இடத்தில் வைத்தால் காய்க்கும் வயது வருவதற்குள் அடித்தண்டு அழுகிப் போகலாம். மேட்டுப் பாத்தியில், வடிகால் உள்ள செம்மண்ணில், தண்டைத் தண்ணீர் தொடாதபடி வட்டப் பாத்தி கட்டி வளர்த்தால் நிற்கும்.

விதைக்கன்றுக்கு ஒரு பெரிய நன்மையும் உண்டு. டிரிஸ்டெசா, பழம் சரியாக நிறம் மாறாமல் பச்சையாகவே நிற்கும் 'பச்சையாதல்' போன்ற பெருநோய்கள் நோயுற்ற மரத்தின் கண் வழியாகவும் பூச்சி வழியாகவும் பரவுகின்றன, விதை வழியாகப் பரவுவதில்லை. தாய் நோய்ப்பட்டிருந்தாலும் நகல் கன்று சுத்தமாகப் பிறக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நோய் புகுந்து களைத்துப்போன பழைய ரகங்களை இப்படி விதை வழியாகத்தான் புதுப்பித்தார்கள். முள்ளும் தாமதமும் தொல்லையாக இருந்ததால் 1970-களில் நுனிக்குருத்தை மட்டும் எடுத்து ஒட்டும் முறை வந்தது. அதற்காக விதைக்கன்றுக்கு நோயே வராது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறந்த பிறகு பூச்சி கொண்டுவந்து கொடுத்துவிடும். எலுமிச்சைக்கு டிரிஸ்டெசா சீக்கிரம் தொற்றும். இலை நரம்பு வெளுத்துப்போவதை வைத்து அந்த வைரஸைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடங்களில் எலுமிச்சைக் கன்றையே வைத்திருப்பார்கள்.

ஒட்டுக்கன்று வாங்கினாலும் எல்லாம் சரியாகிவிடாது. சில வருடத்துக்கு முன் ஒரு நாற்றங்காலில் சாத்துக்குடி ஒட்டுக்கன்று வாங்கி வந்து அம்மா வீட்டுக் கொல்லையில் வைத்தேன். ஒரு கோடையில் வாடி, மழைக்குத் துளிர்த்து, அப்புறம் வெறித்தனமாக வளர்ந்தது. நான்காம் வருடம் காய்த்தது. தோல் சொரசொரப்பாக, மஞ்சளாக, வாயில் வைக்க முடியாத புளிப்பு. ஒட்டுக்குக் கீழிருந்து வந்த போத்தைத்தான் நான்கு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன். சாத்துக்குடி அந்தக் கோடையிலேயே பட்டுப்போயிருந்தது. கன்று வாங்கும்போதே ஒட்டுக் கட்டிய முடிச்சு எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிட வேண்டும். அம்மா அந்த மரத்தை வெட்ட விடவில்லை, ஊறுகாய் போடுகிறாள்.

முளைக்க வைப்பது

எலுமிச்சைக் குடும்ப விதையைக் காய வைக்கக் கூடாது. கத்தரி, மிளகாய் விதை மாதிரி வெயிலில் உலர்த்தி, டப்பாவில் போட்டு வைத்தால் செத்துவிடும். பழம் தின்ற அன்றே ஊன்றுவது உத்தமம். முடியாவிட்டால் ஈரத்துணியில் சுற்றிச் சில நாள் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். பழத்தின் தோலில் பூசிய மெழுகோ, குளிர்கிடங்கில் வைத்ததோ விதையைக் கெடுத்துவிடுவதில்லை. நெடுநாள் வைத்திருந்த பழத்தை நறுக்கும்போது உள்ளேயே வெள்ளை வேர் விட்டு, பச்சைத் துளிரோடு சுருண்டு கிடக்கும் விதையைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்கிப் போடாமல் அப்படியே ஊன்றலாம்.

வெளித்தோலோடு ஊன்றினால் மூன்று, நான்கு வாரம் ஆகும். உரித்து, ஈரமான டிஷ்யூ காகிதத்தில் மடித்து, மூடிய டப்பாவில் சமையலறை மேடையில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் வேர் தெரியும். நம் ஊர் வெப்பமே போதும். வேர் தலைகாட்டியதும் கால் அங்குல ஆழத்தில் செம்மண், மணல், மட்கிய எரு கலந்த மண்ணில் வைக்க வேண்டும். தேங்காய்நாரை அதிகம் கலந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு இளம் தண்டை அழுக விட்டுவிடும். இரண்டு, மூன்று செடி ஒன்றாக வந்தால் நாலைந்து இலை விட்டதும் தண்ணீர் ஊற்றி மண்ணை நெகிழ்த்திப் பிரித்து வைக்கலாம்.

முதல் வருடத்து எதிரிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலையில் பறவை எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தால், அது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. கொஞ்சம் வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் கொம்பை நீட்டி ஒரு வாடை விடும். சின்னக் கன்றை இரண்டே நாளில் மொட்டையடித்துவிடும். மருந்தெல்லாம் வேண்டாம், கையால் எடுத்துப் பெரிய மரம் ஒன்றில் விட்டுவிட்டால் போதும். இளந்துளிரில் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து போனால் அது இலைத்துளைப்பான். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் கன்று தாங்கிக்கொள்ளும். எலுமிச்சையில் மழைக்காலத்தில் தோன்றும் சொரசொரப்பான பழுப்புப் புள்ளிகள் சொறி நோய். அந்த இலைகளையும் குச்சிகளையும் வெட்டி எரித்துவிட வேண்டும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்பு, துத்தநாகப் பற்றாக்குறை. உப்புப் போர்த்தண்ணீர் ஊற்றும் மாடித் தோட்டங்களில் இது சாதாரணம்.

என்னைக் கேட்டால், பழம் வேண்டும் என்பவர்கள் எலுமிச்சை விதையிலிருந்து தொடங்கலாம். சீக்கிரம் பலன் தருவது அதுதான், தொட்டியிலும் காய்க்கும். நிலமும் பொறுமையும் இருப்பவர்கள் கின்னோவோ நாக்பூர் கமலாவோ வைக்கலாம். சாத்துக்குடிக்கு நான் ஒட்டைத்தான் சொல்வேன். விதைக்கன்று பென்சில் கனம் வந்ததும், காய்க்கிற மரத்திலிருந்து ஒரு கண் எடுத்து அதிலேயே கட்டிக்கொள்ளவும் முடியும். அப்போது நீங்கள் வளர்த்த கன்றே அடிக்கன்றாகிவிடும். குழந்தைகள் ஆசையாக ஊன்றுவதை மட்டும் தயவுசெய்து வேண்டாம் என்று தடுக்காதீர்கள்.

அக்கா மகளின் மூன்று செடிகளையும் மறு மாதமே பிரித்துத் தனித்தனியாக வைத்தோம். இரண்டு ஒரே சாடை. இப்போது என் நெஞ்சு உயரத்துக்கு முள்ளும் குச்சியுமாக நேரே ஏறி நிற்கின்றன, இன்னும் பூவில்லை. அவளுக்கு அவை கின்னோதான் என்பதில் சந்தேகமே கிடையாது. மூன்றாவது முழங்கால் உயரம்தான். இலை சிறுத்து, காம்பில் சிறகே தெரியாமல், கணுக்கள் நெருங்கி நிற்கிறது. அனேகமாக அதுதான் கலப்பில் பிறந்தது. புளியங்குடிப் பெரியவர் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடுங்கியிருப்பார். அதை மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றி, அவள் தன் பெயரை எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள். அதன் பழம் எப்படி இருக்கும் என்று கேட்டாள். யாருக்கும் தெரியாது, இதுவரை அந்தப் பழத்தை யாரும் தின்றதில்லை என்றேன். "அப்ப நான்தான் ஃபர்ஸ்டா?" என்றாள்.